போலாரம் ராஷ்டிரபதி நிலையம்: டிசம்பரில் போகலாமா? குடியரசுத் தலைவரின் தெற்குப் பயணம் எப்படி நடக்கிறது?

கேள்வி: அல்லிக்குளம்

அனைவருக்கும் வணக்கம். டிசம்பர் மூன்றாம் வாரத்தில் 40 மாணவர்களை ஹைதராபாத் அழைத்துப் போகத் திட்டம். பார்க்க வேண்டிய இடங்களில், குடியரசுத் தலைவர் தெற்கே வந்தால் தங்கும் இல்லமான போலாரம் ராஷ்டிரபதி நிலையமும் இருக்கிறது. அந்த வாரம் குடியரசுத் தலைவர் அங்கே தங்குவார், வாசலோடு திரும்ப வேண்டியதுதான் என்று பேருந்து ஏற்பாடு செய்பவர் சொல்கிறார். உண்மைதானா? முன்கூட்டியே எப்படித் தெரிந்துகொள்வது?

மாணவர்கள் கேட்ட சில கேள்விகளும் உண்டு. ஆண்டுக்கு ஒரு முறை தெற்கே வந்து தங்க வேண்டும் என்று அரசியலமைப்பிலேயே எழுதியிருக்கிறதாமே? எதில் வருகிறார், ஏற்பாடெல்லாம் யார் பொறுப்பு? கேரளத்துப் பிரமாடத்தில் குடியரசுத் தலைவரின் ஹெலிகாப்டர் சக்கரம் புதைந்த காணொளியைப் பார்த்தவர்கள், இவ்வளவு பெரிய ஏற்பாட்டில் அது எப்படி நடந்தது என்று விடாமல் கேட்கிறார்கள். விவரம் தெரிந்தவர்கள் விளக்கமாகச் சொன்னால் வகுப்பில் அப்படியே படித்துக் காட்டுவேன்.

மறுமொழி 1: மூசிக்கரை

வணக்கம். பேருந்துக்காரர் சொன்னது சரி. திரௌபதி முர்மு பதவியேற்றபின் முதல் முறை வந்து தங்கியது 2022 டிசம்பர் 26 முதல் 30 வரை. 2023-ல் 18 முதல் 23 வரை, 2024-ல் 17 முதல் 21 வரை. மூன்றும் டிசம்பரின் பிற்பாதி. நீங்கள் குறித்திருக்கும் வாரம் அதற்குள்தான் விழுகிறது. அவர் இருக்கும் நாட்களில் மட்டுமல்ல, வருவதற்குச் சில நாள் முன்பிருந்தே பொதுமக்களை விடுவதை நிறுத்திவிடுவார்கள். பாதுகாப்புச் சோதனை, மின்கம்பி, தண்ணீர்க் குழாய் வேலை எல்லாம் அப்போதுதான் நடக்கும். ஆகவே டிசம்பர் 10-க்கு முன்னால் அல்லது ஜனவரியில் வைத்துக்கொள்ளுங்கள்.

டிசம்பர்தான் என்று விதி ஒன்றும் இல்லை. பிரணாப் முகர்ஜி 2015-ல் ஜூன் கடைசியில் வந்து ஜூலை வரை தங்கினார். டிசம்பர் பிற்பாதி ஏன் வசதியாக அமைகிறது என்பதற்கு என் கணிப்பு இது: நாடாளுமன்றக் குளிர்காலக் கூட்டத்தொடர் முடியும் தறுவாயில் இருக்கும், குடியரசு தின வேலைகள் சூடுபிடித்திருக்காது. ஜனவரி பிறந்துவிட்டால் அணிவகுப்பு, பட்ஜெட் கூட்டத்தொடர் உரை என்று டெல்லியை விட்டு அசைய முடியாது.

அரசியலமைப்பு பற்றி: அப்படி ஒரு பிரிவும் இல்லை. இது வழக்கம் மட்டுமே. ஆனால் மாணவர்களுக்குக் காட்ட நல்ல இடம் ஒன்று உண்டு. பிரிவு 59(3)-ல் குடியரசுத் தலைவர் வாடகை இல்லாமல் பயன்படுத்தும் அலுவல் இல்லம் பற்றிச் சொல்லும்போது "இல்லங்கள்" என்று பன்மையில்தான் இருக்கிறது. டெல்லி மாளிகை, போலாரம், சிம்லாவுக்கு அருகில் மஷோப்ரா, டேராடூன் எல்லாம் அந்தப் பன்மைக்குள் அடங்குகின்றன. எந்த மாதம் எங்கே தங்க வேண்டும் என்று அங்கே ஒரு சொல்லும் கிடையாது.

அடுத்து, இதை விடுமுறை என்று வகுப்பில் சொல்லிவிடாதீர்கள். தங்கும் நாட்களில் பட்டமளிப்பு விழா, படைப் பயிற்சிக் கழக அணிவகுப்பு, கோயில் தரிசனம், நெசவாளர் சந்திப்பு என்று தினம் ஒன்று இருக்கும். 2022-ல் ஸ்ரீசைலம், பத்ராசலம், ராமப்பா கோயில் போனார், 2023-ல் போச்சம்பள்ளி. ஆளுநர், முதல்வர், முக்கியப் பிரமுகர்களை அழைத்து நிலையத்திலேயே வரவேற்பு விருந்தும் தருவது மரபு. டெல்லி அலுவலகம் சில நாளுக்குப் போலாரத்துக்கு மாறிவிடுகிறது என்று சொன்னால்தான் சரியாக இருக்கும்.

கட்டடம்: 1860-ல் கட்டியது. ஆங்கிலேயர் காலத்தில் ரெசிடென்டின் (நிஜாம் அரசில் இருந்த ஆங்கிலேய அரசின் பிரதிநிதி) நாட்டுப்புற இல்லம். விடுதலைக்குப் பின் நிஜாமிடமிருந்து பெற்றுக் குடியரசுத் தலைவர் செயலகத்திடம் ஒப்படைத்தார்கள். வளாகம் 90 ஏக்கர். கட்டடம் ஒரே தளம், 11 அறைகள். டெல்லி மாளிகையின் 340 அறைகளை மனதில் வைத்துக்கொண்டு போகிறவர்களுக்கு முதலில் சின்னதாகத்தான் தெரியும். தோட்டத்துக்குள் நடந்தால் அந்த எண்ணம் மாறிவிடும்: மா, சப்போட்டா, கொய்யா, நெல்லித் தோப்புகள், 27 நட்சத்திரங்களுக்கும் ஒவ்வொரு மரமாக வைத்த நட்சத்திரத் தோட்டம், மூலிகைத் தோட்டம், மீட்டெடுத்த படிக்கிணறு. சமையற்கட்டு தனிக் கட்டடம் என்பதால் அங்கிருந்து சாப்பாட்டு அறைக்குத் தரைக்கடியில் சுரங்கப்பாதை போகிறது. இப்போது அதன் சுவர்களில் தெலங்கானாவின் மரபு ஓவியமான சேரியல் ஓவியம் தீட்டியிருக்கிறார்கள். பிள்ளைகளுக்கு அதுதான் பிடிக்கும்.

முன்பெல்லாம் குடியரசுத் தலைவர் வந்து போனபின் ஜனவரி வாக்கில் சில நாட்கள் மட்டும் திறப்பார்கள். 2023 மார்ச் 22, யுகாதி அன்று, ஆண்டு முழுவதும் என்று மாற்றினார்கள். செவ்வாய் முதல் ஞாயிறு வரை, காலை 10 முதல் மாலை 5. திங்களும் அரசிதழ் விடுமுறைகளும் கிடையாது. கட்டணம் இந்தியர்களுக்கு 50 ரூபாய், வெளிநாட்டவருக்கு 250. மாளிகையின் வருகையாளர் இணையதளத்தில் நாளும் நேரமும் தேர்ந்தெடுத்துப் பதிவு செய்ய வேண்டும். 40 பேர் என்றால் ஒரே நேரப்பிரிவில் இடம் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் பேருந்துக்கு முன்பணம் கொடுங்கள். தலைவர் வருகிற நாட்கள் அந்தத் தளத்தின் நாட்காட்டியில் பூட்டியிருக்கும்; பத்திரிகைச் செய்திக்குக் காத்திருப்பதைவிட அதைப் பார்ப்பது எளிது.

மறுமொழி 2: நீலஅட்டை

ஏற்பாடு யார் பொறுப்பு என்ற கேள்விக்கு.

அடிப்படை ஆவணத்தைக் காவல் துறையிலும் மாவட்ட நிர்வாகத்திலும் "ப்ளூ புக்" என்பார்கள். குடியரசுத் தலைவர், பிரதமர் போன்றவர்கள் வரும்போது மாநில அரசு செய்ய வேண்டியதையெல்லாம் அதுதான் வரையறுக்கிறது. ரகசிய ஆவணம், கடைகளில் கிடைக்காது. ஆனால் அதன்படி மாவட்ட ஆட்சியர் கூட்டும் ஆலோசனைக் கூட்டம் செய்தித்தாளில் வரும். அதைப் படித்தாலே வேலை எப்படிப் பிரிகிறது என்று புரியும்.

பொதுப்பணித் துறை சாலைக் குழியை அடைத்து, மேடை, தடுப்பு, ஹெலிபேட் போடும். மின்வாரியம் இரண்டு தனித்தனி வழியில் மின்சாரம் கொடுத்து, அதற்கு மேல் ஜெனரேட்டரும் நிறுத்தும். சுகாதாரத் துறை அவருடைய ரத்த வகையைக் கையிருப்பில் வைத்து, சிறப்பு மருத்துவர்களோடு ஆம்புலன்ஸை கான்வாயில் சேர்க்கும். அருகில் ஒரு மருத்துவமனையையும் ஒதுக்கி வைக்கும். உணவுப் பாதுகாப்பு அலுவலர்கள் சமையலைச் சோதிப்பார்கள். தீயணைப்பு, தொலைத்தொடர்பு, வனத்துறை எல்லாருக்கும் பங்கு உண்டு. போலாரத்தில் கூடுதலாக ஒன்று: 90 ஏக்கர் தோப்பு என்பதால் பாம்பு பிடிக்கிறவர்களையும் தேன்கூடு அகற்றுகிறவர்களையும் தயாராக நிறுத்துகிறார்கள். கேட்கச் சின்ன விஷயமாக இருக்கும். ஆனால் விருந்துக்கு நூற்றுக்கணக்கானோர் புல்வெளியில் நிற்கும்போது ஒரு தேன்கூடு கலைந்தால் அந்தக் கூட்டத்தை அடக்கி வெளியேற்றுவது எவ்வளவு கடினம் என்று யோசியுங்கள்.

முந்தைய நாள் கான்வாய் ஒத்திகை. உண்மையான வண்டிகள், உண்மையான வேகம், எந்தத் திருப்பத்தில் எத்தனை நிமிடம் என்று எழுதிக்கொள்வார்கள். ஹக்கிம்பேட் விமானப்படைத் தளம் போலாரத்துக்கு மிக அருகில் இருப்பது பெரிய வசதி. அங்கே இறங்கினால் நகரத்தைக் குறுக்கே கடக்க வேண்டியதில்லை. ஆனாலும் போலாரம், அல்வால், லோத்குண்டா, திருமலகிரி பக்கம் அந்த நாட்களில் நேரம் குறிப்பிட்டுப் போக்குவரத்தை மாற்றுவார்கள். உங்கள் பேருந்து அந்த வாரம் ஹைதராபாத்தில் இருந்தால், போக்குவரத்துக் காவல் துறையின் அறிவிப்பை முந்தைய நாள் மாலை பார்த்துவிடுங்கள்.

எங்கே கோளாறு வரும் என்றால், சாலையை எவ்வளவு முன்னதாக மூடுவது என்பதில்தான். மேலதிகாரி பத்து நிமிடம் என்பார். கீழே வர வர ஒவ்வொருவரும் பாதுகாப்புக்காக ஐந்து ஐந்து நிமிடம் கூட்டுவார்கள். கடைசிச் சந்திப்பில் அது அரை மணி நேரம் ஆகிவிடும். 2021 ஜூன் 25 இரவு கான்பூரில், ராம்நாத் கோவிந்த் வருகைக்காக நிறுத்திய போக்குவரத்தில், மருத்துவமனைக்குக் கொண்டுபோன ஒரு பெண் சிக்கினார். அவரைக் காப்பாற்ற முடியவில்லை. காவல் ஆணையர் வெளிப்படையாக மன்னிப்புக் கேட்டார், காவலர்கள் சிலர் பணியிடை நீக்கமானார்கள். மாணவர்களிடம் இதையும் சொல்லுங்கள். ஒவ்வொரு சந்திப்பிலும் ஆம்புலன்ஸை விடும் அதிகாரம் அங்கே நிற்கும் காவலருக்கே இருக்க வேண்டும். மேலே கேட்டுச் சொல்கிறேன் என்ற நிலை இருக்கவே கூடாது.

மறுமொழி 3: கற்காரை

பிரமாடம் பற்றி மட்டும் எழுதுகிறேன். அதைச் சரியாகப் புரிந்துகொண்டால் ஹெலிபேட் பற்றிய பாதி பாடம் முடிந்துவிடும்.

2025 அக்டோபர் 22, சபரிமலைப் பயணம். முதலில் திட்டமிட்டது நிலக்கல். வானிலை சரியில்லை என்று கடைசி நேரத்தில் பத்தனம்திட்டா மாவட்டம் பிரமாடத்தில் உள்ள விளையாட்டரங்க மைதானத்துக்கு மாற்றினார்கள். அங்கே முந்தைய நாள்தான் கான்கிரீட் போட்டார்கள். ஹெலிகாப்டர் இறங்கியதும் சக்கரம் அழுந்திப் பள்ளம் விழுந்தது. குடியரசுத் தலைவர் பத்திரமாக இறங்கிச் சாலை வழியே பம்பைக்குப் போய்விட்டார். பின்னால் காவலர்களும் தீயணைப்பு வீரர்களும் சேர்ந்து ஹெலிகாப்டரைத் தள்ளி நகர்த்தினார்கள். இறங்க வேண்டிய இடத்தைக் காட்டும் "எச்" குறியிலிருந்து சற்று விலகி இறங்கியது என்ற விளக்கமும் வந்தது.

இனி கணக்கு. விமானப்படையின் எம்ஐ-17வி5 முழுச் சுமையோடு 13 டன் வரை இருக்கும். அதன் முன்சக்கரம் இரட்டை; பின்னால் இரு பக்கமும் ஒவ்வொரு சக்கரம்தான். எடையில் பெரும்பகுதி அந்த இரண்டு ஒற்றைச் சக்கரங்கள் மேல் இறங்குகிறது. லாரி போல எட்டுப் பத்து டயர்களில் பிரிவதில்லை. தரையைத் தொடும் கணத்தில் நின்ற எடையைவிட அதிகமாகவே அழுத்தும்.

கான்கிரீட்டின் வலிமையை 28 நாளில் கணக்கிடுகிறோம். ஏழாம் நாளில் ஏறத்தாழ 65 சதவீதம், முதல் நாள் முடிவில் 16 சதவீதம் என்பது கட்டுமானத்தில் பொதுவாகச் சொல்லும் அளவு. மழையும் ஈரமும் குளிரும் இருந்தால் அதற்கும் கீழே போகும். மேலே தட்டினால் கெட்டியாகத் தெரியும், ஆள் நடக்கலாம், அதனால்தான் ஏமாந்துவிடுகிறோம். அடியில் மைதான மண் இளகியிருந்தால் நிலைமை இன்னும் மோசம்: மேல்தளம் வளைந்து விரியும், சக்கரம் உள்ளே இறங்கும்.

ஒரே நாள் அவகாசம் என்றால் புதுக் கான்கிரீட் போடவே கூடாது. ஏற்கெனவே கெட்டிப்பட்ட இடத்தைத் தேடுவதுதான் முதல் வேலை: பழைய தார்த்தளம், கூடைப்பந்து ஆடுகளம், அகலமான சாலை. அதுவும் இல்லையென்றால், மேல்மண்ணை வெட்டி எடுத்துவிட்டு ஜல்லி, கிராவல் கலவையை 15 சென்டிமீட்டர் அடுக்கடுக்காகப் பரப்பி, ஒவ்வொரு அடுக்கையும் அதிர்வு ரோலரால் அழுத்த வேண்டும். ஜல்லித்தளம் போட்ட அன்றே சுமை தாங்கும், அதற்கு 'க்யூரிங்' (பல நாள் ஈரமாக வைத்து இறுகவிடுவது) தேவையில்லை. சக்கரம் படும் இடங்களில் தடித்த இரும்புத் தகடு விரித்து அசையாமல் பொருத்தினால் எடை பரவும். எது செய்தாலும் கடைசியில் மணல் நிறைத்த டிப்பர் லாரியை மெதுவாக ஓட்டி, நடுவில் பத்து நிமிடம் நிறுத்திப் பாருங்கள். தடம் பதிந்தால் அந்த இடம் ஆகாது. குறியின் நடுவில் மட்டும் ஓட்டிப் பார்ப்பது போதாது. விமானி நான்கு அடி தள்ளி இறக்கினாலும் தாங்க வேண்டும் என்பதால் ஓரங்களிலும் ஓட்ட வேண்டும்.

பரப்பளவு: இறக்கைச் சுழல்வட்டத்தின் விட்டம் 21 மீட்டருக்குச் சற்று மேல், வால்விசிறியோடு சேர்த்து மொத்த நீளம் 25 மீட்டர். அதன் ஒன்றரை மடங்கு, அதாவது சுமார் 38 மீட்டர், தடையில்லாத வட்டம் என்பது வழக்கமான கணக்கு. ஒன்று போதாது. பயணத்தில் சாதாரணமாக மூன்று ஹெலிகாப்டர்கள் வரும், ஆகவே மூன்று தளங்கள்.

தூசி இன்னொரு எதிரி. இறங்கும்போது எழும் புழுதியில் விமானிக்குத் தரையே தெரியாமல் போய்விடும். ஒரு மணி நேரம் முன்னதாகத் தண்ணீர் தெளிக்க வேண்டும். கடைசி நிமிடத்தில் லாரி லாரியாக ஊற்றினால் சேறாகிவிடும். பந்தல் துணி, தகரம், பிளாஸ்டிக் நாற்காலி, மாலை சுற்றிய காகிதம் எதுவும் அருகில் இருக்கக் கூடாது. சுழல்காற்றில் பறந்து விசிறிக்குள் போனால் ஆபத்து.

மறுமொழி 4: தண்டவாளம்

எதில் வருகிறார் என்பதற்கு: வெளிநாட்டு நீண்ட பயணங்களுக்கு போயிங் 777-300இஆர் இரண்டு இருக்கின்றன. குடியரசுத் தலைவரை ஏற்றிக்கொண்டு அந்த விமானம் முதன்முதலாகப் பறந்ததே சென்னைக்குத்தான். 2020 நவம்பர் 24, ராம்நாத் கோவிந்த் திருமலைக்குப் போன பயணம். உள்நாட்டில் விமானப்படையின் 737 வகை போதும். சின்ன ஓடுபாதையிலும் அது இறங்கும். அங்கிருந்து எம்ஐ-17.

ரயில் பற்றி மாணவர்களிடம் சொல்ல நிறைய உண்டு. குடியரசுத் தலைவருக்கென்றே 1956-ல் கட்டிய இரட்டைப் பெட்டிகள் இருந்தன, எண்கள் 9000, 9001. 1977-ல் நீலம் சஞ்சீவ ரெட்டிக்குப் பின் நீண்ட காலம் யாரும் ஏறவில்லை. அப்துல் கலாம்தான் 2003 மே 30 அன்று பீகாரில் ஹர்நௌத்திலிருந்து பாட்னாவுக்கு மீண்டும் ரயிலில் போனார். 2006-ல் டெல்லியிலிருந்து டேராடூனுக்கும். அடுத்து 2021 ஜூன் 25, கோவிந்த் டெல்லி சப்தர்ஜங் நிலையத்திலிருந்து கான்பூருக்கு. வழியில் ஜீஞ்ஜக், ரூரா என்ற சிறிய நிலையங்களில் நின்று ஊர்க்காரர்களைப் பார்த்தார்.

ரயில் குறைந்துபோனதற்குக் காரணம் வேகம் மட்டுமல்ல. விமானத்துக்கு இரண்டு முனைகளைக் காத்தால் போதும். ரயில் என்றால் வழியில் உள்ள ஒவ்வொரு பாலம், கேட், சிறுநிலையம் எல்லாவற்றுக்கும் ஆள் நிறுத்த வேண்டும். முன்னால் பைலட் இன்ஜின் ஓட வேண்டும். அந்தத் தடத்தில் மற்ற வண்டிகளின் நேரம் மாறும்.

கொடி விதியில் ஒரு நுணுக்கம் இருக்கிறது, வினாடி வினாவுக்கு உதவும். சிறப்பு ரயிலில் தேசியக் கொடி ஓட்டுநர் அறையில், புறப்படும் நிலையத்தின் நடைமேடைப் பக்கமாகப் பறக்க வேண்டும்; அதுவும் வண்டி நிற்கும்போதும், நிற்கப்போகும் நிலையத்துக்குள் நுழையும்போதும் மட்டுமே. ஓடும்போது கிடையாது. விமானத்தில் உள்நாட்டுப் பயணம் என்றால் அவர் ஏறி இறங்கும் பக்கத்தில் கொடி இருக்கும்.

மறுமொழி 5: மஞ்சுமலை

மலைப் பக்கத்து இல்லங்கள் பற்றி யாரும் எழுதவில்லையே.

மஷோப்ராவில் உள்ளது 1850-ல் கட்டியது, சிம்லாவைவிட சுமார் ஆயிரம் அடி உயரத்தில். மரச்சட்டங்களுக்கு இடையே கல்லும் மண்ணும் நிரப்பிய 'தஜ்ஜி' சுவர். நிலநடுக்கத்தில் விறைத்து நிற்காமல் வளைந்துகொடுக்கும் பழைய மலைநாட்டு முறை. 1895-ல் வைசிராயின் கைக்கு வந்தது. இதையும் சிம்லா நகரில் உள்ள பெரிய வைசிராய் மாளிகையையும் பலர் ஒன்றாக நினைத்துவிடுகிறார்கள். அது வேறு, அதைக் குடியரசுத் தலைவர் ராதாகிருஷ்ணன் காலத்தில் உயராய்வு நிறுவனத்துக்குக் கொடுத்தாயிற்று. மஷோப்ரா இல்லம் 2023 ஏப்ரல் 23 முதல் பொதுமக்களுக்குத் திறந்திருக்கிறது. இங்கே தங்குவது கோடையில். 2024-ல் மே 4 முதல் 8 வரை. டேராடூனில் உள்ளது 1976-ல் தொடங்கியது, 21 ஏக்கர், ராஜ்பூர் சாலையில். குடியரசுத் தலைவர் மெய்க்காவல் படையின் கோடை முகாமோடு சேர்ந்த இடம். 2025 கோடையில் அதையும் திறந்துவிட்டார்கள்.

மலைப் பயணத்தில் எப்போதும் இரண்டாவது திட்டம் தயாராக இருக்க வேண்டும். நம் நீலகிரியே சாட்சி. 2024 நவம்பர் 27 அன்று ஊட்டிக்கு ஹெலிகாப்டரில் போவதாக இருந்தது. வானிலை சரியில்லாததால் கோவையிலிருந்து கார் வழியாகவே போனார்கள். இதை யாரும் அந்த நேரத்தில் யோசித்துக் கண்டுபிடிப்பதில்லை. சாலைவழிக் கான்வாய்க்கும் முந்தைய நாளே ஒத்திகை பார்த்து, கொண்டை ஊசி வளைவுகளில் ஆள் நிறுத்தி வைத்திருப்பார்கள். ஹெலிகாப்டர் போய்விட்டால் அத்தனை பேரும் சும்மா திரும்புவார்கள். கற்காரை சொன்ன பிரமாடத்தில் இடம் மாறியதும் இதே காரணத்தால்தான். அங்கே மாற்றுத் தளம் ஒரு வாரம் முன்பே தயாராக இருந்திருந்தால் கான்கிரீட் இறுகியிருக்கும்.

அல்லிக்குளம்

அனைவருக்கும் மனமார்ந்த நன்றி. டிசம்பரைக் கைவிட்டுவிட்டோம். பொங்கலுக்கு முந்தைய வாரம் சரியாக வருமா? எவ்வளவு நேரம் ஒதுக்க வேண்டும்?

மறுமொழி 6: மூசிக்கரை

நல்ல முடிவு. 2025 ஜனவரித் தொடக்கத்தில் நிலையத் தோட்டத்தில் 'உத்யான் உத்சவ்' என்ற பூக்காட்சி நடந்தது. மறுபடி நடந்தால் உங்கள் வாரத்திலேயே கிடைக்கும். ஆனால் கூட்டமும் அதிகம் இருக்கும், எனவே காலை 10 மணிப் பிரிவையே எடுங்கள். திங்கள் வராமல் பார்த்துக்கொள்ளுங்கள். கட்டடம், சுரங்கப்பாதை, கண்காட்சி அறை எல்லாம் ஒரு மணி நேரம், தோட்டம் இன்னொரு ஒன்றரை மணி நேரம். 40 பேரை 20, 20 ஆகப் பிரித்து ஒரு குழுவைத் தோட்டத்திலும் மற்றதைக் கட்டடத்திலும் தொடங்க வையுங்கள். சுரங்கப்பாதையில் நெரிசல் இருக்காது. பைகளைப் பேருந்திலேயே விட்டுவிட்டு, எல்லாருக்கும் அடையாள அட்டையும் தண்ணீர்ப் புட்டியும் கொடுத்து அனுப்புங்கள்.